செருப்பு போட்ட தறி

தமிழ்நாட்டில் இரண்டு ஆரணி இருக்கின்றன என்பது, தப்பான ஆரணிக்குப் பாதி தூரம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சென்னை விமான நிலையத்தில் கைப்பேசியில் ஆரணி என்று தட்டினேன். முதலில் வந்த பெயரைத் தொட்டேன். கார் வந்தது, ஏறினேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று தூக்கக் கலக்கத்தில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வழிப்பலகைகளில் பெரியபாளையம் என்று வரத் தொடங்கியதும் ஓட்டுநரே கேட்டார்.

"மேடம், கோயிலுக்கா?"

"இல்லை, ஆரணிக்கு. பட்டுப்புடவை நெய்வார்களே, அந்த ஊர்."

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "அது பட்டு ஆரணி மேடம். இது பெரியபாளையம் ஆரணி. ரெண்டு ஊரும் ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கினதே கெடையாது."

பினாங்கில் இப்படி வழி தவறினால் ஓட்டுநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இவர் உற்சாகமாகிவிட்டார். "போன மாசம் ஒரு கல்யாணக் கோஷ்டியே இப்படித்தான் வந்து மாட்டிகிச்சி. நீங்களாவது தனியா வந்தீங்க" என்று ஆறுதல் சொல்லியபடி வண்டியைத் திருப்பினார்.

நான் வந்ததற்குக் காரணம் ஒரு புடவை. பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் தோல் செல்களை வளர்ப்பதும் படமெடுப்பதும் என் வேலை. பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வு சென்ற வருடம் கட்டுரையாக வெளிவந்தது. துறையில் எங்கள் குழுவுக்குப் பாராட்டு விழா நடத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் என் கணவரின் அக்கா சரோஜா அண்ணி ஆரணியிலிருந்து போன் செய்து, "என் தம்பி பொண்டாட்டி மேடை ஏறறப்போ கடையில வாங்கின பொடவையா? நானே நெய்ஞ்சி தரேன், நீயே வந்து வாங்கிக்கோ" என்று கட்டளையிட்டார். விழாவுக்குத் தேதி முடிவானதும் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். கணவர் தயாளனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர் பிறந்த ஊருக்கு, அங்கே பிறக்காத நான் தனியாகப் போனேன்.

சரியான ஆரணிக்குள் நுழைந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடி கேட்டார்.

"சுகர் கீதாமா?"

எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளில் சீனி போடுவதா வேண்டாமா என்று கேட்பார்கள். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இருக்கட்டும், நிறையவே இருக்கட்டும்" என்றேன். அவர் முகம் வாடியது. உள்ளே பார்த்து, "அம்மாவுக்கு ஒரு வித்தவுட்" என்று குரல் கொடுத்தார். வந்த டீயில் சீனி மருந்துக்கும் இல்லை. "காலைப் பத்திரமா பாத்துக்கோங்கமா" என்று அறிவுரை வேறு.

ஓட்டுநர்தான் விளக்கினார். இங்கே சுகர் என்றால் முதலில் வியாதி, அப்புறம்தான் சீனி. நாங்கள் மலேசியாவில் அந்த வியாதியை இனிப்பு நீர் என்போம். சிரித்துக்கொண்டே வித்தவுட்டைக் குடித்து முடித்தேன். இந்த ஒரு சொல் அடுத்த தெருவில் எனக்காக என்ன செய்து வைத்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

வீட்டை அடையாளம் சொல்லத் தேவையில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச்சத்தம். அண்ணி வீட்டில் மட்டும் தறிச்சத்தத்தோடு அண்ணியின் குரலும் கேட்டது. தறிக்குக் கீழே இருந்த குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டுக் கைகளை நீட்டினார். எழுந்திருக்கவில்லை.

"பசியாறிட்டீங்களா அண்ணி?" என்றேன்.

அண்ணி தன் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுக்கினீங்களா? பசியாறிட்டீங்களாவாம். ரேடியோல பேசற மாதிரியே கீது. நாஷ்டா துன்னியான்னு கேளு விஜி, புரியும்."

அவர் கணவர் முனிரத்தினம் அண்ணா தறிகளைப் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அண்ணியைச் சீண்டத்தான். அன்று அவர் தரையில் குந்தி, தறியைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"பேஜாரா கீது தங்கச்சி. ஊர்ல எந்தத் தறிக்கும் எறும்பு வர்ல, இந்தத் தறிக்கு மட்டும் வருது. இவ நெய்யற பொடவையில இன்னா இனிப்போ."

"வயித்தெரிச்சல்" என்றார் அண்ணி.

தறியில் என் புடவை பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கட்டுரையின் படங்களில் எங்கள் செல்கள் இதே இரண்டு நிறங்களில்தான் இருக்கும். தயாளன் அனுப்பிய படத்தைப் பார்த்து அண்ணியே தேர்ந்தெடுத்ததாம். குனிந்து தொட்டுப் பார்க்கப் போனபோதுதான் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. சாக்பீஸ் கோட்டைச் சுற்றிக்கொண்டு, குழியின் சுவரில் இறங்கி, காலால் அழுத்தும் மிதிகட்டையில் ஏறி, அண்ணியின் வலது பாதத்துக் கட்டுக்குள் போனது.

"அண்ணி, காலில் என்ன?"

"அதுவா? மிதியில ஒரு ஆணி தலைய நீட்டிக்கினு இருந்திருக்கு. எனக்குத்தான் கால் மரத்துப்போயி கெடக்கே, தெரியல. கீழே ரத்தத்தப் பாத்துட்டு இவர்தான் கத்தினார். ஆணிய அடிச்சாச்சி. புண்ணுதான் ஆற மாட்டேங்குது." பிறகு என் தோளைத் தட்டினார். "கவலப்படாத. உன் மருந்தத்தான் போட்டுக்கினு கீறேன்."

"என் மருந்தா?"

கட்டை அவிழ்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் தடித்த இடத்தில், ஒரு குழி. அது நிறையச் சீனி. பாதி கரைந்து பாகாக, மீதி மணிமணியாக.

அண்ணி கைப்பேசியை எடுத்துப் பெருமையோடு காட்டினார். குடும்பக் குழுவில் என் கணவர் போட்ட செய்தி. பட்டாசுப் படங்களுக்கு நடுவே எழுதியிருந்தார்: "என் மனைவியின் மாபெரும் கண்டுபிடிப்பு! தோல் செல்களை நகர வைத்துப் புண்ணை ஆற்றுவது சுகர்!"

உடனே பினாங்குக்கு அழைத்தேன்.

"நான் தப்பா என்ன எழுதினேன்? நீ சொன்னதைத்தானே சுருக்கினேன்" என்றார் தயாளன்.

"உங்கள் அக்காவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. காலில் புண் இருக்கிறது. அதில் சீனியைக் கொட்டி வைத்திருக்கிறார்."

அடுத்த நிமிடமே குழுவிலிருந்து அந்தச் செய்தி காணாமல் போனது.

எங்கள் ஆய்வு என்னவென்று இங்கே ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். தோலில் காயம் பட்டால், ஓரத்திலிருக்கும் செல்கள் பக்கத்துச் செல்களின் பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஊர்ந்து வந்து இடைவெளியை மூடும். செல்களின் மேற்புறத்தில் மிக நுண்ணிய சர்க்கரைத் தொடர்கள் படிந்திருக்கும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அந்தச் சர்க்கரையை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் நறுக்குவதும் நொதிகள். கண்ணாடித் தட்டில் தோல் செல்களைப் பரப்பாக வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறி, கோடு மூடுவதைப் படமெடுப்பேன். ஒரு குறிப்பிட்ட நொதியை நீக்கினால் செல்கள் கரையிலேயே நின்றுவிடுகின்றன. திருப்பிக் கொடுத்தால் மறுபடி நடக்கின்றன. இவ்வளவுதான். இதில் மருந்து இல்லை. தட்டிலிருந்து மனிதக் காலுக்கு வெகு தூரம்.

இதை அன்று மாலை முழுக்க அண்ணிக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"இது சாப்பிடுகிற சுகர் இல்லை அண்ணி. சர்க்கரைச் சங்கிலி."

"கழுத்துல போடறதா?"

"செல்லின் மேல் இருப்பது. நொதி என்று ஒன்று அதைச் சேர்க்கும்."

"நொதின்னா?"

"என்சைம்."

"அத முன்னாடியே சொல்லலாம்ல? துணி சோப்புல போட்டிருக்குமே. விளம்பரத்துல வருது."

முனிரத்தினம் அண்ணா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அண்ணியின் முகம் இறுகியது. "அங்க போனா வெரல எடுத்துடுவாங்க. இந்தத் தெருவுலயே ரெண்டு பேருக்கு எடுத்துட்டாங்க. வெரல் போச்சின்னா மிதி போச்சி. மொதல்ல உன் பொடவைய நெய்ஞ்சி தறியிலேந்து அறுத்துக் கொடுத்துட்டு அப்புறம் எங்க வேணா வரேன்."

எனக்குக் கொடுக்கவே தினமும் அந்தப் புண்ணை மிதியில் அழுத்திக்கொண்டிருக்கிறார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அண்ணா சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊரில் எதையும் மென்றுதான் பழக்கம். அன்று களியும் இறங்கவில்லை, கவலையும் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டேன். தெரு நீளத்துக்கும் பட்டு இழைகளை விரித்துக் கட்டியிருந்தார்கள். பாவு என்பது இதுதான். இதைச் சுருட்டித்தான் தறியில் ஏற்றுவார்கள். இரண்டு பேர் வடித்த அரிசிக் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு இழைகளின் மேல் நீவிக்கொண்டே போனார்கள். எங்கள் ஊரில் தெருவை இப்படி அடைத்தால் நகராட்சி வண்டி வந்துவிடும். இங்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அண்ணி படியில் உட்கார்ந்து, காலை நீட்டியபடி, கஞ்சி போடுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஓரத்துல திப்பி திப்பியா கீது பாரு! நீவு, நல்லா நீவு!"

"கஞ்சி எதற்கு அண்ணி?" என்றேன்.

"கஞ்சி இல்லன்னா நூல் பிசிறும். தறியில ஓடாது."

"நிறையப் போட்டால்?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்பவும் ஓடாது. அளவா, ஒவ்வொரு இழைக்கும் படற மாதிரி ஆள் கை படணும்."

கஞ்சியும் ஒரு சர்க்கரைத் தொடர்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆய்வகத்தில் இத்தனை வருடம் இருந்தும் இந்த உதாரணம் தோன்றியதில்லை. படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, தோல் செல் ஒவ்வொன்றுக்கும் மேலே இதே மாதிரி ஒரு கஞ்சி உண்டு. சர்க்கரைக் கஞ்சி. அது அளவாக இருந்தால்தான் செல் ஓடும். அந்தக் கஞ்சியைத்தான் நான் சுகர் என்று சொன்னேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாகக் குறுக்கே பேசவில்லை.

"அப்ப நொதி?"

"அதோ, நீவுகிறாரே, அந்த ஆள்."

"அந்த ஆளு ஒடம்புக்குள்ளயே கீறானா?"

"உள்ளேயேதான். வெளியிலிருந்து யாரும் போட முடியாது. நெய்து முடித்த புடவையின் மேல் ஒருத்தி ஒரு குண்டான் கஞ்சியைக் கொட்டினால் என்ன செய்வீர்கள்?"

"தறியவிட்டு எறங்கி வந்து அறைவேன்."

நான் அவர் காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கட்டின் ஓரத்தில் ஓர் எறும்பு வெளியே வந்து, யோசித்து, மறுபடி உள்ளே போனது.

"அட, சண்டாளி" என்றார் அண்ணி. என்னையா, எறும்பையா, தன்னையா என்று தெரியவில்லை. "அப்போ அந்தக் கஞ்சிக்காரன் எனக்கு ஏன் வேலை செய்யல?"

"ரத்தத்தில் சுகர் ஏறினால், யார் கையும் படாமல் அதுபாட்டுக்கு எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. திப்பி திப்பியாக. ரத்தம் சரியாகப் போகாது, கால் மரக்கும். இத்தனைக்கும் நடுவில் அவன் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் ஒவ்வொரு மிதிக்கும் அதன் மேலேயே ஏறி மிதிக்கிறீர்கள்."

அண்ணி காலை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏங்க! ஜல்தியா கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்கி!"

வேலூர்ப் பக்கம் கால் புண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். பேருந்தில் போனோம். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அண்ணி என் காதில் மொழிபெயர்த்தார். "மொதல்ல இருக்கறவ சொல்றா, இது வெளியூரு, எல்லாத்தையும் மியூசியம் பாக்கற மாதிரி பாக்குதுன்னு. ரெண்டாவது சொல்றா, பாவம், மாமியார ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போறான்னு." பிறகு உரக்க, "நான் நாத்தனாருமா! மாமியார் இல்ல!" என்றார். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

கண்ணமங்கலம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து, சாலை முழுக்கக் கரும்பு. யாருக்கும் அடியில்லை. பயணிகள் இறங்கி வழி ஒதுக்கினார்கள்; ஒதுக்கிய கூலியை அங்கேயே கடித்துத் தின்றார்கள். எங்கள் ஊரில் சாலை அடைத்தால் எல்லோரும் காருக்குள் இருந்தபடி கைப்பேசியைப் பார்ப்பார்கள். இங்கே அது ஒரு சின்னத் திருவிழாவாகிவிட்டது. யாரோ அண்ணிக்கு ஜன்னல் வழியே ஒரு துண்டு நீட்டினார்கள். அண்ணி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"பாருங்க, சனியன் ரோட்ட மறிச்சிக்கினு வருது" என்று கரும்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கட்டைப் பிரித்ததும் நிமிர்ந்தார். "இதுல யாரு சர்க்கரை போடச் சொன்னது?"

அண்ணி யோசிக்காமல் என்னைக் கை காட்டினார். "இவங்கதான். வெளிநாட்டுல கண்டுபிடிச்சாங்க."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்க விளக்க மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு புண்ணைக் கழுவி, செத்த தோலை வெட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: எலும்புக்குப் போகவில்லை. விரலை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயங்கள். ஊசி மருந்தால் சுகரை இறக்க வேண்டும். புண்ணைச் சுத்தமாக வைக்க வேண்டும். ஆறும் வரை அந்தக் கால் எதையும் அழுத்தக் கூடாது.

"தறி?"

"தொடவே கூடாதுமா. இன்னொரு ஆறு நாள் மிதிச்சிட்டு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். கண்கள் நிறைந்திருந்தன. "உன் பொடவை..."

"எனக்குப் புடவை வேண்டாம். கால் போதும்" என்றேன்.

திரும்பும் வழியில் ஆரணி வரும்வரை அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு என் விடுப்பு முழுக்க ஒரே வேலை. காலையில் கட்டு மாற்றும் நேரத்தில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் புண்ணைப் படமெடுப்பேன். தட்டில் கீறிய கோட்டை இப்படித்தான் எடுப்பேன். அண்ணி கட்டிலில் காலை நீட்டியபடி தெருவையே மேய்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் அண்ணா சமைத்தார். உப்பு அதிகம் என்று அண்ணி சொன்னால், "நொதி சரியில்ல" என்பார். அவர் வைத்த வடைகறி மாதிரி நான் பினாங்கில் எங்கும் சாப்பிட்டதில்லை. அடுப்படியில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டேன்.

"இன்னிக்கிக் கஞ்சிக்காரன் வந்தானா?" என்று அண்ணி தினமும் கேட்பார்.

"இன்னும் இல்லை."

"சோம்பேறி. லீவு போட்டுட்டானா?"

முதல் வாரம் படங்களில் மாற்றமே இல்லை. எனக்குள் பயம் ஏறியது. கரையிலேயே நின்றுவிட்ட செல்களை நான் எத்தனையோ தட்டுகளில் பார்த்திருக்கிறேன். அப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். இங்கே அடுத்தது இல்லை.

பிறகு ஒரு காலை. கட்டைப் பிரித்தேன். புண்ணின் ஓரத்தில், சுற்றிலும், முத்தின் உட்புறம் போல வெளிறிய, மெல்லிய ஒரு வளையம். முந்தைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். தோல் நகர்ந்திருந்தது.

"அண்ணி, வந்துவிட்டான்."

"யாரு?"

"கஞ்சிக்காரன்."

அண்ணி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது. அண்ணா கரண்டியோடு ஓடிவந்தார். மூன்று பேரும் ஓர் உள்ளங்காலைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றுகூட நான் இவ்வளவு குதித்ததில்லை. எங்கள் ஆய்வு அந்தக் காலை ஆற்றவில்லை. ஊசி மருந்தும், சுத்தமும், ஓய்வும்தான் ஆற்றின. ஆனால் தட்டில் மட்டுமே பார்த்திருந்த அந்த ஊர்வலத்தை, எனக்குத் தெரிந்த ஒருவரின் காலில், கண்ணால் பார்த்தேன்.

புடவை இல்லாமல் ஊர் திரும்பினேன். விழாவில் ஒரு பருத்திப் புடவை கட்டிக்கொண்டு பேசினேன். நொதியை விளக்க ஆரணித் தெருவின் படத்தைக் காட்டினேன். கேள்வி நேரத்தில் பாதிக் கேள்விகள் கஞ்சியைப் பற்றியே வந்தன. அண்ணா வாராவாரம் அளவுகோலோடு படம் அனுப்பினார். வளையம் உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு படத்தில் அளவுகோலுக்குப் பக்கத்தில் அளக்க எதுவும் இல்லை.

தயாளன் குடும்பக் குழுவில் பட்டாசு போடப் போனார். என்னிடம் காட்டிவிட்டுப் போடும்படி சொன்னேன்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. ஆறிய இடம் மறுபடி திறக்காமலிருக்க, அண்ணி இனி எப்போதும் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர் செருப்பு போட வேண்டும். தறியில் மிதிக்கும்போதும்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணி போனில் வெடித்தார்.

"செருப்பப் போட்டுக்கினு தறியில எறங்கறதா? யாருன்னா செய்வாங்களா? ஆயுத பூஜைக்கிப் பொட்டு வெச்சிக் கும்புடற எடம் அது! நான் நெய்யாமலே இருந்துடறேன்."

நானும் தயாளனும் மாறி மாறிக் கெஞ்சினோம். அசையவில்லை. கால் ஆறிவிட்டது, புடவை பாதியில் நின்றது, அவரும் பாதியில் நின்றார். குரலில் பழைய அதட்டல் குறைந்துகொண்டே வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த விடுமுறை கிடைத்ததும் புறப்பட்டேன். இந்த முறை காரில் ஏறும் முன்பே, "பட்டு ஆரணி" என்றேன்.

டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வித்தவுட்தானேமா?"

"எனக்குச் சுகர் இல்லை. டீக்குச் சுகர் வேண்டும்."

"அட, கொறஞ்சிடுச்சா!" என்று மகிழ்ந்து போனார்.

தெருமுனை திரும்பும்போதே காதைத் தீட்டினேன். அண்ணியின் குரல் கேட்டது. குரலோடு தறியும். ஆனால் சத்தம் வேறு மாதிரி. முன்பு மிதி அடிக்கும்போது டக் டக் என்று கட்டை பேசும். இப்போது தம் தம் என்று மெதுவாக விழுந்தது.

வாசலில் எம்.சி.ஆர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. வெறுங்காலோடு மிதிக்கிறாரா? உள்ளே ஓடினேன்.

அண்ணி குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். முனிரத்தினம் அண்ணா டார்ச்சை எடுத்துக் குழிக்குள் அடித்துக் காட்டினார். இரண்டு மிதிகட்டைகளின் மேலும், கட்டையின் அளவுக்கே வெட்டிய புது எம்.சி.ஆர் ரப்பர், ஓரம் மடித்து, அடிப்புறமாக ஆணி அடித்துப் பொருத்தியிருந்தது. செருப்பு தைக்கும் இடத்துக்கே போய்த் தாளாக வாங்கிவந்திருக்கிறார். ரப்பரின் மேல் மஞ்சளும் குங்குமமும்.

"இவ கால்ல போட மாட்டேன்னா. தறி வாயத் தொறந்து வேணாம்னு சொல்லல. அதுக்குப் போட்டுட்டேன்" என்றார் அண்ணா.

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு வெகு நேரம் சிரித்தாராம். பிறகு, "இது நல்லாவே இருக்கு. மாசாமாசம் காலை மட்டும் வந்து காட்டுங்க" என்றாராம்.

அண்ணி காலைத் தூக்கிக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். புண் இருந்த இடத்தில் மழமழவென்று புதுத் தோல். சுற்றிலும் இருந்ததைவிட ஒரு சாயல் வெளிறியது. அவ்வளவுதான் அடையாளம்.

"மெஷின்ல பாக்கற மாதிரி பாக்காத, கூசுது" என்றார். கூசுவதாகச் சொன்னது பொய், அந்தக் கால் மரத்தது மரத்ததுதான். ஆனால் சிரிப்பு உண்மை.

தறியில் புடவை முந்தானைக்கு வந்திருந்தது. அன்று மாலைக்குள் அறுத்துவிடலாம் என்றார் அண்ணா. நான் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். வாசலில் போன ஒரு பெண் தலையை உள்ளே நீட்டினார்.

"இன்னா சரோஜாக்கா, ஊரே பேசிக்கினு கீது! தறிக்குச் செருப்பு போட்டுட்டியாமே?"

அண்ணி நாடாவை வீசினார். கால் விழுந்தது. தம்.

"இன்னா பண்றது? எனக்குக் கொறஞ்சி, தறிக்குச் சுகர் வந்துடுச்சி."